கேட் மார்க் குறைஞ்சிடுச்சா? கோச்சிங்குக்கு மறுபடி பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1/
எம்.பி.ஏ. படிக்க ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் தேர்வு பற்றிய திரெட் இது. (என்ஜினியர்கள் எம்.டெக்.குக்கு எழுதுற கேட் வேற.) கொஞ்சம் நீளம்தான். தேர்வு எழுதி மார்க் குறைஞ்சவங்களும், அவங்க அப்பா அம்மாவும் பொறுமையா கடைசி வரை படிங்க.

2/
"டாக்டருக்கு எம்.பி.ஏ. பரீட்சையில என்ன வேலை?"

நியாயமான கேள்வி. ரெண்டு காரணம்.

ஒண்ணு, ரிசல்ட் வர்ற சமயத்துல தூக்கம் வரலை, வயிறு சரியில்லை, தலைவலின்னு கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துப் பசங்க வர்றாங்க. டெஸ்ட் எல்லாம் நார்மலா இருக்கும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தா மார்க் விஷயம் வெளியே வரும்.

ரெண்டாவது, நுழைவுத்தேர்வை மறுபடி மறுபடி எழுதுறது எங்க தொழில்ல சாதாரணம். பி.ஜி. நீட் தேர்வை ரெண்டு மூணு தடவை எழுதி சீட் வாங்கினவங்க எங்கள்ல ஏராளம். ரெண்டாவது தடவை யாருக்கு ஏறுது, யாருக்கு ஏறலைன்னு பக்கத்துல இருந்து பார்த்தவங்க நாங்க.

3/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்.

மார்க் ஏன் குறைஞ்சதுன்னு கண்டுபிடிக்காம "இன்னும் நல்லா படி"ன்னு சொல்லி இன்னொரு வருஷத்தையும் கரும்புப் பணத்தையும் செலவு பண்றது, என்ன காய்ச்சல்னு பார்க்காம ஊசி போடுற மாதிரி. சில சமயம் தானா சரியாகும். பல சமயம் காய்ச்சல் அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பிட்டு பணத்துக்குக் காத்திருக்கிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

4/
முதல்ல ரிப்போர்ட்டை சரியா படிக்கணும்.

70 பர்சென்டைல்னா 70 மார்க் இல்லை. தேர்வு எழுதினவங்கள்ல 100க்கு 70 பேர் உங்களுக்குக் கீழே இருக்காங்கன்னு அர்த்தம். 2024ல கேட் எழுதினவங்க சுமார் 2.93 லட்சம் பேர். அதுல 70 பர்சென்டைல்னா உங்களுக்கு மேல சுமார் 88,000 பேர். 90னா சுமார் 29,000 பேர். 99னா சுமார் 2,900 பேர்.

"70 வாங்கிருக்கேன், ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே"ன்னு சந்தோஷப்படுறதும் தப்பு. "70தான், நான் எதுக்கும் லாயக்கில்லை"ன்னு உடைஞ்சு போறதும் தப்பு.

5/
இன்னொரு விஷயம். 99 பர்சென்டைலுக்கு மொத்த மார்க்குல பாதி கூட தேவைப்படாத வருஷங்கள் உண்டு. இது எல்லா கேள்விக்கும் பதில் எழுதி ஜெயிக்கிற பரீட்சையே இல்லை.

நம்ம பசங்க பத்தாவது, பன்னிரண்டாவது பழக்கத்துல வர்றாங்க. அங்கே ஒரு கேள்வியை விட்டா குத்தம். இங்கே எதை விடணும்னு தெரியாததுதான் குத்தம். மார்க் குறையுறதுக்கு நான் அதிகமா பார்க்குற காரணம் இதுதான்.

6/
சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தேர்வு முடிஞ்சதும் நீங்க எந்தக் கேள்விக்கு என்ன பதில் போட்டீங்கன்னு காட்டுற ரெஸ்பான்ஸ் ஷீட்டையும், சரியான விடைகளையும் கேட் வெப்சைட்டிலேயே கொடுக்குறாங்க. உங்க லாகின்ல போய் எடுத்துக்கலாம். மார்க் போச்சுன்னு அழுவுறவங்க பலர் அந்தத் தாளைத் திறந்தே பார்க்கறதில்லை. பார்க்க மனசு வரலை. புரியுது. ஆனா ஸ்கேன் எடுத்துட்டு கவரைப் பிரிக்காம வீட்டுக்குப் போனா மருந்து எப்படி எழுதுறது?

ஒரு வாரம் கழிச்சுத் திறங்க. ஆனா கட்டாயம் திறங்க. வெப்சைட்ல இருக்கும்போதே சேமிச்சு வெச்சுக்கோங்க.

7/
திறந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் நாலா பிரிங்க.

அ) பாடமே தெரியாது.
ஆ) தெரியும், கணக்குல கைதவறி தப்பாயிடுச்சு.
இ) தெரியும், ஆனா நேரம் இல்லாம தொடவே இல்லை.
ஈ) தெரியாது, இருந்தும் எதையோ கிளிக் பண்ணினேன்.

"அ" அதிகம்னா பாடம் படிக்கணும். கோச்சிங் உதவும். "ஆ" அதிகம்னா பயிற்சி போதாது. "இ"யும் "ஈ"யும் அதிகம்னா பாடத்துல குறையே இல்லை, தேர்ந்தெடுக்கிறதுலதான் குறை. அதுக்கு மறுபடி முதல் பாடத்துல இருந்து கிளாஸ் போய் உட்கார்ந்தா பிரயோஜனம் இல்லை.

8/
ஒரு உதாரணக் கணக்கு. சரியான விடைக்கு 3 மார்க். தேர்வு செய்யும் வகைக் கேள்வியில தப்புன்னா 1 மார்க் குறையும்.

ஒருத்தர் 40 கேள்வி தொட்டார். எல்லாமே தேர்வு செய்யும் வகைன்னு வெச்சுக்குவோம். 18 சரி, 22 தப்பு. 54 கழித்தல் 22, மொத்தம் 32.

அதே ஆள், அதே அறிவு. அந்த 22ல சுத்தமா தெரியாத 12ஐ மட்டும் தொடாம விட்டிருந்தா? 54 கழித்தல் 10, மொத்தம் 44.

புதுசா ஒரு சூத்திரம் கூட படிக்கலை. 12 மார்க் கூடிடுச்சு. அந்த 12 கேள்விக்குப் போன நேரமும் மிச்சம். கூட்டம் நெரிசலா இருக்கிற நடுப்பகுதியில இந்த 12 மார்க் பல ஆயிரம் பேரைத் தாண்ட வைக்கும்.

9/
"சும்மா அடிச்சு விட்டா என்ன?"

நாலு விருப்பம் உள்ள கேள்வியில கண்ணை மூடிட்டு அடிச்சா, சராசரியா கிடைக்கிறது பூஜ்யம். நாலுல ஒண்ணு சரியாகி 3 வரும், மூணு தப்பாகி 3 போயிடும். நேரம் வேற வீண். ஒரு விடை நிச்சயமா தப்புன்னு ஒதுக்க முடிஞ்சா கொஞ்சம் லாபம். ரெண்டை ஒதுக்க முடிஞ்சா தைரியமா போடலாம்.

விடையை நாமே டைப் பண்ற கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க்கே கிடையாது. அதை வெறுமனே விட்டுட்டு வர்றவங்களை என்ன சொல்றது? கணக்குப் போட்டு ஏதாவது ஒரு எண் வந்திருந்தா அதை டைப் பண்ணிட்டு வாங்க.

10/
"அன்னைக்கு எனக்கு நாள் சரியில்லை டாக்டர்."

இருக்கலாம். ஆனா ஒரு தடவை பி.பி. பார்த்து அதிகமா இருந்தா உடனே நாங்க மாத்திரை எழுதறதில்லை. மறுபடி மறுபடி பார்ப்போம். சர்க்கரைக்கு எச்.பி.ஏ1.சி.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கே, சுமார் மூணு மாசச் சராசரியைச் சொல்லுமே, அது மாதிரி உங்களுக்கு மாக் டெஸ்ட்.

கடைசி எட்டு, பத்து மாக் டெஸ்ட் சராசரியை எடுங்க. அது நல்லா இருந்து தேர்வு மட்டும் சறுக்கியிருந்தா, நாள் சரியில்லைங்கிறது உண்மை. மறுபடி எழுதுங்க, பெரிய மாற்றம் தேவையில்லை. மாக்கிலும் அதே மார்க்னா நாளைக் குறை சொல்லாதீங்க. மாக்கே எழுதலைன்னா, பிரச்சினை அங்கேயே தெரிஞ்சிடுச்சு.

11/
நம்ம பக்கத்துப் பசங்ககிட்ட நான் கேட்கிற அடுத்த கேள்வி: "மாக் எதுல எழுதினீங்க?"

"போன்ல."

தேர்வு நடக்கிறது கம்ப்யூட்டர்ல. ஸ்கிரீன்ல நீளமான பத்தி, மவுஸ், ஸ்கிரீன் மேலேயே கால்குலேட்டர், கையில கிறுக்கறதுக்குத் தாள். ஒவ்வொரு பிரிவுக்கும் சரியா 40 நிமிஷம், மூணு பிரிவு, மொத்தம் 2 மணி நேரம். ஒரு பிரிவுல மிச்சமான நேரத்தை இன்னொண்ணுக்குக் கொண்டு போக முடியாது.

வீட்டுக் கட்டில்ல படுத்துகிட்டு, வாட்ஸ்அப் பார்த்துகிட்டே போன்ல மூணு மணி நேரமா எழுதினது மாக் இல்லை. கிணத்துல நீச்சல் பழகாம யூடியூப்ல பழகின மாதிரி.

12/
பிரிவு வாரியா சுருக்கமா:

டேட்டா, லாஜிக் பகுதியில அஞ்சு செட் இருந்தா முதல் அஞ்சு நிமிஷம் அஞ்சையும் படிச்சுப் பார்த்து, எளிய ரெண்டை மட்டும் எடுங்க. ரெண்டை முழுசா சரியா முடிக்கிறவர், அஞ்சையும் தொட்டு அரைகுறையா விட்டவரை தாண்டிடுவார்.

கணக்குல பெரும்பகுதி பத்தாவது வரை படிச்ச கணக்குதான். சதவீதம், விகிதம், நேரம் - தூரம், சமன்பாடு. பழைய சமச்சீர் புத்தகத்தை எடுக்க வெட்கப்படாதீங்க.

முக்கியமா, பல ஐ.ஐ.எம்.கள் மொத்தத்துக்கு மட்டுமில்லாம ஒவ்வொரு பிரிவுக்கும் தனியா குறைந்தபட்ச பர்சென்டைல் வெச்சிருக்காங்க. கணக்குல கில்லியா இருந்தும் இங்கிலீஷ்ல விழுந்தா கூப்பிட மாட்டாங்க.

13/
இங்கிலீஷ். தமிழ் மீடியம் பசங்களோட உண்மையான வலி இதுதான். இதுல பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஒரு மாசத்துல சரியாகாது. ஆறேழு மாசம் தினமும் அரை மணி நேரம் படிச்சா நிச்சயம் மாறும்.

ஒரு வழி சொல்றேன். ஒரு விஷயத்தைப் பத்தி முதல்ல தமிழ்ப் பேப்பர்ல தலையங்கம் படிங்க. எழுதினவர் என்ன சொல்றார், எதை மறுக்கிறார்னு ரெண்டு வரியில உங்க வார்த்தையில எழுதுங்க. அப்புறம் அதே விஷயத்தை இங்கிலீஷ் பேப்பர்ல படிங்க. கேட் சோதிக்கிறது கடினமான வார்த்தையை இல்லை, எழுதினவர் மனசுல என்ன இருக்குன்னு பிடிக்கிற திறமையை. அந்தத் திறமை தமிழ்லயே வளரும். தமிழ் படிச்சது உங்களுக்குப் பாரம் இல்லை.

14/
எப்படிப் படிக்கிறது? திரும்பத் திரும்ப வாசிச்சா மனசுல நிக்கும்னு நினைக்கிறோம். 2006ல ரோடிகர், கார்பிக்கே என்ற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல மாணவர்களை வெச்சுப் பார்த்தாங்க. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சது. இன்னொரு குழு வாசிச்சிட்டு, மூடி வெச்சு நினைவுல இருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்ப வாசிச்ச குழு முன்னால. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்ப எழுதிப் பார்த்த குழு முன்னால.

அதனால வீடியோ பார்க்கிற நேரத்தைப் பாதியா குறைங்க. தாளும் பேனாவுமா உட்காருற நேரத்தைக் கூட்டுங்க. தப்பான கேள்வியை மூணு நாள் கழிச்சு விடையைப் பார்க்காம மறுபடி போடுங்க.

15/
இப்ப என் ஏரியா. உடம்பு.

தூக்கம் ஏழு மணி நேரம் கட்டாயம். படிச்சது மூளையில பதியறதே தூக்கத்துலதான்.

இந்தியாவில் 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. உட்கார்ந்தா அசதி, படிச்சா தலைசுத்தல்னு சொல்ற பொண்ணை "கவனம் இல்லை"ன்னு திட்டாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில ஹீமோகுளோபின் பாருங்க. கண்ணையும் ஒரு தடவை பாருங்க.

"கான்சன்ட்ரேஷன் மாத்திரை", "மெமரி டானிக்"னு ஃப்ரெண்ட் குடுத்தா வாங்காதீங்க. டாக்டர் எழுதாத எந்த மாத்திரையும் தேர்வு சீசன்ல வேண்டாம்.

16/
தேர்வு நாள். சேலமோ திருச்சியோ, எந்த ஊர் சென்டர் கிடைச்சாலும் நமக்குப் பயணம்தான். காலை ஷிப்ட் 8.30க்கு ஆரம்பிச்சா அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ளே போகணும். வெள்ளிமலையில இருந்து அன்னைக்குக் காலையில பஸ் ஏறி, மலை வளைவுல குலுங்கி, கச்சிராயபாளையம் வழியா கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து சேலம் பஸ் பிடிச்சுப் போக வாய்ப்பே இல்லை. முதல் நாளே போய்த் தங்குங்க. ஒரு ராத்திரி ரூம் வாடகை, கோச்சிங் பீஸை விட எவ்வளவோ குறைச்சல்.

புது ஊர், புது ஓட்டல், புது பிரியாணின்னு போகாதீங்க. பழகின இட்லியே போதும்.

17/
மறுபடி எழுதணுமா?

தாராளமா எழுதலாம். கேட் தேர்வுக்கு வயசு வரம்பும் இல்லை, இத்தனை தடவைதான்னு கணக்கும் இல்லை.

ஆனா வேலைக்குப் போகாம ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்து படிக்கிறதை, நம்ம ஊர்ப் பசங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நான் ஒத்துக்கமாட்டேன். பல ஐ.ஐ.எம்.கள் கேட் மார்க்கோட பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க், வேலை அனுபவம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் ஆளைக் கூப்பிடுறாங்க. பழைய மார்க்கை இனி மாத்த முடியாது. வேலை அனுபவத்தைச் சேர்க்க முடியும். வெறும் வருஷமா போனா இன்டர்வியூல "இந்த வருஷம் என்ன பண்ணுனீங்க?"ன்னு கேட்பாங்க.

வேலைக்குப் போங்க. ரைஸ் மில்லுல கணக்கு எழுதினாலும் அது வேலைதான். நெல்லு வாங்குற விலை, அரிசி விற்கிற விலை, கடன் பாக்கி, இதெல்லாம் தெரிஞ்சவனுக்கு இன்டர்வியூல பேச விஷயம் இருக்கும். காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு மாக். இது போதும்.

18/
ஒரே கதவு இல்லைங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துற டான்செட் தேர்வு மூலமா தமிழ்நாட்டுலயே அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல எம்.பி.ஏ. படிச்சு நல்லா இருக்கிறவங்க நிறைய. வெளிநாடு போகணும்னா ஜிமேட். அந்த மார்க் 5 வருஷம் செல்லும். கேட் மார்க் அடுத்த சேர்க்கைக்கு மட்டும்தான்.

கேட் மார்க் குறைஞ்ச வாரத்துல உங்க போனுக்கு "மேனேஜ்மென்ட் சீட் இருக்கு, அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க"ன்னு கூப்பிடுறவங்ககிட்ட மட்டும் ஜாக்கிரதை. பயத்துல இருக்கிறவன்தான் அவங்களுக்குக் கஸ்டமர்.

19/
கல்வராயன் மலைத் தம்பி தங்கச்சிகளுக்குத் தனியா.

பழங்குடியினர் பட்டியல்ல "மலையாளி"க்குப் பக்கத்துல பழைய மாவட்டப் பேர்கள்தான் இருக்கும், தென்னாற்காடுன்னு. கள்ளக்குறிச்சி 2019ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்ச மாவட்டம். அதுக்கும் முன்னாடி எல்லாம் தென்னாற்காடு. "எங்க மாவட்டப் பேரே இல்லையே"ன்னு பயப்படாதீங்க. சான்றிதழ் கோட்டாட்சியர் ஆபீஸ்ல இருந்து வரணும், நாளாகும். தேர்வு விண்ணப்பம் ஆகஸ்டுல திறக்கும். அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே விண்ணப்பிச்சுடுங்க.

எஸ்.டி. பிரிவுக்கு டிகிரியில 45 சதவீதம் போதும். விண்ணப்பக் கட்டணம் பாதிதான். ஐ.ஐ.எம். இடங்கள்ல 7.5 சதவீதம் இடஒதுக்கீடு. தேவைப்படுற பர்சென்டைலும் வேற. பொதுப்பிரிவு கட்-ஆஃபை யூடியூப்ல பார்த்துட்டு "எனக்கு வாய்ப்பே இல்லை"ன்னு முடிவு கட்டின பசங்களை நான் பார்த்திருக்கேன். ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் பிரிவு வாரியா வெப்சைட்ல போட்டிருக்கும். திருச்சி ஐ.ஐ.எம்.மோடதை முதல்ல எடுத்துப் படிங்க. 2011ல இருந்து நம்ம பக்கத்துலயே இருக்கு.

20/
"பீஸ் லட்சக்கணக்குல டாக்டர், சீட் கிடைச்சாலும் எப்படி?"

பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசோட உயர்கல்வி உதவித்தொகை இருக்கு. எல்லாருக்குமே, 2024 நவம்பர்ல ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துல தரவரிசையில முன்னால இருக்கிற கல்லூரிகளுக்கு ஜாமீனோ சொத்து அடமானமோ இல்லாம கடன் கிடைக்கும். நிலத்தை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி பேங்க்ல போய் இந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க.

21/
இப்ப நம்ம மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை.

2024ல சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து கல்வராயன் மலை மக்களோட நிலையை வழக்கா எடுத்தது. ரோடு, பஸ், பள்ளிக்கூடமே கோர்ட்ல பேச வேண்டிய விஷயமா இருக்கிற மலையில, சிக்னல் தேடிப் பாறை மேல ஏறி ஆன்லைன் மாக் எழுதுன்னு சொல்றது நியாயமா?

2022 ஜனவரியில சிறுவங்கூர் மெடிக்கல் காலேஜ் திறந்தாங்க. இன்னைக்கு நீட் பத்தி யாரைக் கேட்டாலும் விவரம் சொல்வாங்க. கேட் பத்திச் சொல்ல ஆள் இல்லை. அதை மாத்த கோடி ரூபாய் வேண்டாம். மாசம் ஒரு ஞாயிறு உங்க கம்ப்யூட்டர் லேபைத் திறந்து விடுங்க. 2 மணி நேரம் மாக், அப்புறம் ரெண்டு மணி நேரம் தப்புகளைப் பிரிச்சுப் பேசுறது. டீயும் பன்னும் என் செலவு. மலையில இருந்து வர்றவங்க பஸ் காசுக்கு நம்ம ஊர்ல ஸ்பான்சர் கிடைக்காமலா போயிடும்?

22/
அப்பா அம்மாவுக்கு: பக்கத்து வீட்டுப் பையன் பர்சென்டைலைச் சாப்பாட்டு நேரத்துல பேசாதீங்க. "எவ்வளவு செலவு பண்ணினோம்"ங்கிற வார்த்தை வேண்டாம். அது அவனுக்கு ஏற்கனவே தெரியும். ராத்திரி தூங்குறானா, சாப்பிடுறானா, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசுறானா, இதை மட்டும் பாருங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்லாம, எதுலயும் பிடிப்பில்லாம, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற பேச்சு வந்தா உடனே டாக்டரைப் பாருங்க. டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசு உதவி எண் 104. ரெண்டுலயும் தமிழ்ல பேசலாம். கூப்பிடுறது அவமானம் இல்லை.

23/
சுருக்கமா:

- ரெஸ்பான்ஸ் ஷீட்டைத் திறங்க, தப்பை நாலா பிரிங்க.
- மாக் சராசரியோட ஒப்பிடுங்க.
- தெரியாததை விடப் பழகுங்க.
- கம்ப்யூட்டர்ல மாக் எழுதுங்க.
- வேலைக்குப் போய்க்கிட்டே மறுபடி எழுதுங்க.
- இதெல்லாம் முடிச்ச பிறகும் "பாடம் தெரியலை"ன்னு வந்தா மட்டும் கோச்சிங்குக்குப் பணம் கட்டுங்க.

கேட் எழுதின யாராவது உங்க தெருவுல, உங்க மலையூர்ல இருந்தா இதை அனுப்பி விடுங்க. ரெஸ்பான்ஸ் ஷீட்டைப் பிரிச்சுட்டு எந்த வகைத் தப்பு அதிகம்னு கீழே எழுதுங்க, முடிஞ்ச வரை பதில் சொல்றேன்.